அரவான் ரெண்டு முறை செத்தானா? காமிக்ஸும் ‘கேனன்’ கணக்கும்

கலவைப் பக்கம் எங்கள் ஊரில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கோயில் பந்தலில் பாரதம் படிக்கிறவர் வில்லிபுத்தூரார் பாட்டை ஆர்மோனியத்தோடு பாடிப் பொருள் சொல்லுவார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தால், பகலில் காதால் கேட்ட கதை கட்டை கட்டி, அரிதாரம் பூசி எதிரே நிற்கும்.

இந்த முறை அரவான் களபலி அன்றைக்கு அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காட்பாடியில் இஞ்சினியரிங் படிக்கிறவன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். அரவான் தாயிடம் விடைபெறுகிற இடம், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இவன் என் காதோரம் வந்து, “மாமா, அரவான் எட்டாம் நாள் சண்டையிலதான சாவணும்? சண்டையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்கு வெட்றாங்க?” என்றான்.

கேள்வி சரிதான். வியாசர் பாரதத்தில் அரவான், அதாவது இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழிலோ போர் தொடங்குவதற்கு முன்பே களபலி ஆகிறான். பலியானவன் பதினெட்டு நாள் சண்டையையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிருஷ்ணனிடம் வரம் வாங்கிக்கொண்டான் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். அதையே அவனுக்கும் சொன்னேன்.

“ஓ… ரெட்கான்” என்றான்.

காலையில் ஆற்காட்டில் வேலூர் பஸ் பிடித்து உட்கார்ந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. ஹாஸ்டலில் பையன்களோடு ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படவரிசையின் படங்கள் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்கிறான். யாரோ ஒருவன், “காமிக்ஸ் படிக்காம பாதிக் கதைதான் உனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டானாம். “அதுல எது கணக்குல வரும், எது வராது மாமா? எல்லாத்தையும் படிக்கணுமா?” பஸ் சத்துவாச்சாரி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது போதும்.

முதலில் ‘கேனன்’ என்ற சொல். போனில் இதைப் பற்றி நாங்கள் பேசியபோது அக்கா குறுக்கே வந்து, “எவனைடா கேனன்னு திட்றீங்க?” என்று கேட்டாள். யாரையும் இல்லை. கேமரா கம்பெனியும் இல்லை. கிறிஸ்தவ சபை எந்தெந்த நூல்களை வேதமாக ஏற்றுக்கொண்டதோ அந்தப் பட்டியலுக்கு இந்தப் பெயர் உண்டு. அங்கிருந்து கதை ரசிகர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

கதை உலகத்தில் அதன் பொருளை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்: அடுத்த கதையை எழுதப்போகிறவர் எதையெல்லாம் நடந்ததாக எடுத்துக்கொண்டே தீரவேண்டுமோ, அது கேனன். காமிக்ஸில் ஒருவனுக்குக் கை போய்விட்டது என்றால் அடுத்த படத்திலும் அவனுக்கு அந்தக் கை இருக்கக் கூடாது. படத்தில் முழுக் கையோடு வந்து நின்றான் என்றால், அந்தக் காமிக்ஸைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இதில் எது உண்மை என்று கேட்டுப் பயனில்லை, எல்லாமே கட்டின கதைதான். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் கேள்வி.

‘ரெட்கான்’ என்றால் முன்னால் சொன்ன கதைக்குப் பின்னால் வந்து ஒட்டுப் போடுவது. அரவான் வாங்கிய வரம் நல்ல ஒட்டு. இரண்டு சாவும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வரத்தைச் செருகினார்கள், அந்த வரமே மூலக்கதையைவிட உருக்கமாக அமைந்துவிட்டது.

பாரதத்துக்கு ஒரு வசதி, சொந்தக்காரர் கிடையாது. வியாசரில் இல்லாத அல்லியும் பவளக்கொடியும் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் மாலைகளில் வந்து அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டார்கள். கூடாது என்று தடுக்க ஆளில்லை. வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்தியதை 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை எடுத்து, பதினெட்டுப் பருவத்துக்கும் நீட்டிப் பாடினார். யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. ஊர் ஏற்றுக்கொண்டால் கதை நின்றது.

ஸ்டார் வார்ஸுக்குச் சொந்தக்காரர் உண்டு. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், 2012 முதல் அதை வாங்கிய டிஸ்னி. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்லும் அதிகாரம் அவர்கள் கையில். ஊர் ஏற்றுக்கொண்டதைக்கூட அவர்கள் தள்ளிவைக்கலாம். தள்ளியும் வைத்தார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

படம் இருக்க காமிக்ஸ் எதற்கு?

ஒரு படம் இரண்டு மணி நேரம், அடுத்த படம் வர மூன்று வருஷம். இடையில் ரசிகனின் பசிக்கு யார் சோறு போடுவது? படத்தில் ஒரு விண்கலப் போரைக் காட்ட நூறு பேர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். காமிக்ஸில் எழுதுகிறவர், வரைகிறவர், மை போடுகிறவர், வண்ணம் தீட்டுகிறவர் என்று நாலைந்து பேர் போதும். பத்துக் கலம் வெடித்தாலும் காகிதச் செலவு ஒன்றுதான்.

முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே 25 அன்று வெளியானது. மார்வெல் நிறுவனத்தின் காமிக்ஸ் அதற்கு முந்தைய மாதமே கடைக்கு வந்துவிட்டது. எழுதியவர் ராய் தாமஸ், வரைந்தவர் ஹோவர்ட் சாய்கின். முதல் ஆறு இதழ்கள் படக்கதையையே சொல்கின்றன. ஏழாவது இதழிலிருந்து சொந்தக் கால். 1986 வரை 107 இதழ்கள் ஓடியது அந்தத் தொடர்.

அந்தக் காலத்து இதழ்களை இன்று படித்தால் சிரிப்பு வரும். குறை எழுதியவர்கள் மேல் இல்லை. வில்லன் டார்த் வேடர்தான் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் அப்பா என்பது 1980இல் இரண்டாம் படம் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். அதற்கு முன்னால் மாதா மாதம் கதை எழுதியவர்கள் இருட்டில் நடந்தவர்கள். ஜப்பா என்ற கடத்தல்காரனைப் பாருங்கள். 1977 படத்துக்காக எடுத்த அவன் காட்சி வெட்டப்பட்டுவிட்டதால் ஆள் எப்படி இருப்பான் என்று காமிக்ஸ்காரர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு காலில் நிற்கும், மீசை வைத்த மஞ்சள் ஆசாமியாக வரைந்துவிட்டார்கள். 1983இல் மூன்றாவது படத்தில் அவனே மலைபோல் படுத்திருக்கும் ஒரு பெரிய அட்டைப்பூச்சி! எட்டாவது இதழில் பச்சை நிற முயல் ஒன்றும் வரும், ஜாக்ஸன் என்று பெயர், ஆள் உயரம், கையில் துப்பாக்கி. விண்வெளிக் கதையில் முயல் என்னத்துக்கு என்று பலருக்குக் கோபம். எனக்கு அது கூத்தில் சிரிக்கவைக்கிற கட்டியங்காரன் மாதிரி. ராஜா வேஷங்களுக்கு நடுவில் அப்படி ஒருத்தன் வேண்டியிருக்கிறது.

கேனன் தகராறு எவ்வளவு கொடுமையாகப் போகலாம் என்பதற்கு ஸ்டார் வார்ஸைவிட ஏலியன் படவரிசை நல்ல உதாரணம். 1986இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தின் முடிவில் ஹிக்ஸ் என்ற படைவீரனும் நியூட் என்ற சிறுமியும் உயிர் பிழைக்கிறார்கள். 1988இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் அந்தக் கதையைக் காமிக்ஸில் தொடர்ந்தது. மார்க் வெர்ஹெய்டன் எழுதினார், மார்க் நெல்சன் கறுப்பு வெள்ளையில் வரைந்தார். நியூட் வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட்டாள், ஹிக்ஸ் முகத்தில் தழும்போடு திரிகிறான். பிரமாதமான காமிக்ஸ். 1992இல் மூன்றாவது படம் வந்தது. அதன் தொடக்கத்திலேயே ஹிக்ஸும் நியூட்டும் செத்துப்போயிருந்தார்கள்.

என்ன செய்வது? காமிக்ஸை மறுபதிப்புப் போடும்போது பெயரை மாற்றினார்கள். ஹிக்ஸ் ‘வில்க்ஸ்’ ஆனான், நியூட் ‘பில்லி’ ஆனாள். படம் அதே படம், முகம் அதே முகம், ஆள் மட்டும் வேறு. செத்தவனை மறுபடி நடமாட விட அவர்களுக்குக் கிடைத்த வரம் அவ்வளவுதான். சினிமாவும் காமிக்ஸும் மோதினால் யார் நகர வேண்டும் என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

பத்திரம் மாறிய வருஷம்

ஸ்டார் வார்ஸ்காரர்கள் இந்த மோதலைச் சமாளிக்கப் படிநிலை வைத்தார்கள். 2000 வாக்கில் லூகாஸ்ஃபிலிமில் லேலண்ட் சீ என்பவர் நாவல், காமிக்ஸ், விளையாட்டு எல்லாவற்றின் தகவல்களையும் ஒரே கணினித் தொகுப்பில் ஏற்றத் தொடங்கினார். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம். ஜார்ஜ் லூகாஸின் படங்கள் உச்சியில், ‘ஜி’. தொலைக்காட்சி அடுத்து, ‘டி’. பெரும்பாலான நாவலும் காமிக்ஸும் ‘சி’. பழைய, சேர்ப்பதா விடுவதா என்று தெரியாதவை ‘எஸ்’. மேலே இருப்பது கீழே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பொய்யாக்கலாம். சுருக்கமாக, ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட். டிக்கெட் கையில் இருக்கும், உட்கார இடம் இருக்குமா என்பது வேறு.

அந்தக் காலத்தில் டார்க் ஹார்ஸ்தான் ஸ்டார் வார்ஸ் காமிக்ஸையும் வெளியிட்டது. 1991இல் தொடங்கிய ‘டார்க் எம்பயர்’ என்ற ஆறு இதழ்த் தொடரில், மூன்றாம் படத்தில் செத்துப்போன பேரரசன் நகல் உடம்பில் புகுந்து திரும்பி வருகிறான். அதிலிருந்து நூற்றுக்கணக்கில் காமிக்ஸ், நாவல். படத்தில் ஜோடி சேர்ந்த ஹான் சோலோவுக்கும் லேயாவுக்கும் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, சண்டை போட்டு, செத்தும் போனார்கள். ஒரு தலைமுறை ரசிகர்கள் அதையெல்லாம் நடந்ததாகவே நினைத்து வளர்ந்தார்கள்.

2014 ஏப்ரல் 25 அன்று லூகாஸ்ஃபிலிம் அறிவித்தது. ஆறு படங்களும் ‘குளோன் வார்ஸ்’ தொடரும் நிற்கும். இதுவரை வந்த மற்ற நாவலும் காமிக்ஸும் இனிமேல் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தலைப்பில் வரும். புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது.

இதை மருமகனுக்குப் புரியவைக்க எங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் இழுத்தேன். அதில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கிறது. 1989இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் வேலூரை மூன்றாக்கியபோது கலவை ராணிப்பேட்டைக்குப் போயிற்று. எங்கள் கிணறு நகரவில்லை. தண்ணீரும் அதே தண்ணீர். பத்திரமும் செல்லும். ஆனால் இன்றைக்கு ஒரு மனு எழுதினால் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று போட முடியாது. லெஜண்ட்ஸ் காமிக்ஸின் நிலைமை இதுதான். கடையில் கிடைக்கும், படிக்கலாம், ரசிக்கலாம். புதிதாகக் கதை எழுதுகிறவர் அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

கோபப்பட்டவர்கள் நிறைய. நியாயம்தான். ஆனால் ஒதுக்கியதை மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 2019இல் வந்த ஒன்பதாவது படத்தில் செத்த பேரரசன் மறுபடியும் வந்தான். நகல் உடம்போடுதான். காமிக்ஸில் வந்தபோது பலர் முகம் சுளித்த அதே விஷயம்.

புதிய ஏற்பாட்டில் படிநிலை கிடையாது. 2014 அறிவிப்புக்குப் பின் வருகிற படம், தொடர், நாவல், காமிக்ஸ் எல்லாம் ஒரே பந்தி. லூகாஸ்ஃபிலிமின் கதைக்குழு எல்லாவற்றையும் பார்த்து ஒன்றோடொன்று முட்டாமல் வழிநடத்துகிறது. டார்க் ஹார்ஸ் கையை விட்டு உரிமம் மார்வெலுக்கே திரும்பியது. டார்க் ஹார்ஸ் கடைசியாக வெளியிட்டவற்றில் ‘டார்த் மால்: சன் ஆஃப் டாத்தமிர்’ என்ற நாலு இதழ்த் தொடர் மட்டும் புதுக் கேனனில் இடம் பிடித்தது. ‘குளோன் வார்ஸ்’ தொடருக்காக எழுதி, படமாக்கப்படாமல் நின்றுபோன திரைக்கதையிலிருந்து வந்தது என்பதால் அந்த மரியாதை.

எது நல்ல ஒட்டு?

2015 ஜனவரியில் மார்வெலின் புதிய ஸ்டார் வார்ஸ் முதல் இதழ் வந்தது. ஜேசன் ஆரன் எழுத்து, ஜான் கசடே ஓவியம். சுமார் பத்து லட்சம் பிரதிகள் போயின. கூடவே கீரன் கில்லன் எழுதி சால்வடோர் லரோக்கா வரைந்த ‘டார்த் வேடர்’ தொடர். இந்த இரண்டும் முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் நடப்பவை.

அந்த இடைவெளியில் ஒரு ஓட்டை இருந்தது. முதல் படத்தின் முடிவில் டெத் ஸ்டார் என்ற பேரரசின் விண்கோட்டையை வெடிக்கவைத்த விமானி யார் என்று வேடருக்குத் தெரியாது. இரண்டாம் படம் தொடங்கும்போதே ஸ்கைவாக்கர் என்று பெயர் சொல்லி வெறியோடு தேடிக்கொண்டிருக்கிறான். எப்போது தெரிந்தது? தன் பிள்ளை பிறக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த தகப்பன் அந்தப் பெயரைக் கேட்ட நிமிஷம் எப்படி இருந்திருக்கும்? படங்களில் அது இல்லவே இல்லை. இரண்டு தொடர்களின் ஆறாவது இதழிலும் அந்த நிமிஷம் வருகிறது. கூலிக்கு ஆள் பிடிக்கும் போபா ஃபெட் வந்து அந்தப் பெயரைச் சொல்கிறான். வேடர் அசையாமல் நிற்கிறான். எதிரே இருக்கும் கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது. முகமூடி போட்ட ஆளுக்கு வேறு எப்படி அழுகையும் கோபமும் காட்டுவது? அதைப் படித்தபின் இரண்டாம் படத்தைப் பார்த்தால் வேடரின் ஒவ்வொரு அடியும் வேறு கனத்தோடு விழும். அரவான் வரம் மாதிரியான ஒட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

எல்லாமே இப்படி அமையாது. அதே ஸ்டார் வார்ஸ் தொடரின் ஆரம்பத்திலேயே லூக்கும் வேடரும் நேருக்கு நேர் வாளை உருவி நிற்கிறார்கள். இரண்டாம் படத்தின் கடைசியில் நடக்கும் சந்திப்புக்கு இருந்த முதல்முறைத் திகில் இதனால் குறைந்துபோகிறது என்பது என் கட்சி. எதையும் மீறவில்லை, ஆனாலும் வேண்டாத வேலை.

சில்லறை ஒட்டுகளும் உண்டு. 2015 படத்தில் சி-த்ரீபிஓ என்ற பொன்னிற எந்திரனுக்கு ஒரு கை சிவப்பாக இருக்கும். ஏன் என்று படம் சொல்லாது. 2016இல் அதற்கென்றே ஒரு தனி இதழ் போட்டார்கள். அந்தக் கை வேறொரு எந்திரனின் நினைவு. கதை கண்கலங்க வைக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் படத்தில் தெரிகிற ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு புத்தகம் போட ஆரம்பித்தால் பையில் காசு நிற்காது.

ஓட்டை அடைப்பதைத் தாண்டி, காமிக்ஸ் புது ஆளைக் கொண்டுவரும்போதுதான் கதை உலகம் நிஜமாகவே பெரிதாகிறது. டாக்டர் ஆஃப்ரா அப்படிப்பட்டவள். ‘டார்த் வேடர்’ மூன்றாவது இதழில் வந்தாள். தொல்பொருள் ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொள்வாள், வேலை பெரும்பாலும் திருட்டு. வேடரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவன் கையால் சாகாமல் தப்பித்து, அடுத்த வருஷமே சொந்தத் தொடர் வாங்கிவிட்டாள். படம் எதிலும் தலைகாட்டாமலே இவ்வளவு பெயர். எங்கள் அல்லியேதான்.

காமிக்ஸிலிருந்து படத்துக்கு ஏறியவர்களும் உண்டு. நீலத் தோல் கொண்ட ஜெடாய், அதாவது ஒளிவாள் ஏந்தும் வீரர் கூட்டத்துப் பெண் ஆய்லா செக்யூராவை டார்க் ஹார்ஸ் காமிக்ஸுக்காக ஜான் ஆஸ்ட்ராண்டரும் ஜான் டூர்சேமாவும் உருவாக்கினார்கள். அவளை வரைந்திருந்த ஒரு அட்டைப்படம் ஜார்ஜ் லூகாஸ் கண்ணில் பட்டது. 2002இல் வந்த படத்தில் அவளும் வாளோடு நின்றாள். 2014இல் அவள் வந்த பழைய காமிக்ஸ் எல்லாம் லெஜண்ட்ஸுக்குப் போய்விட்டது, அவள் போகவில்லை. படத்தில் தெரிந்துவிட்டாளே!

மற்றப் படவரிசைகளில் வழக்கம் வேறு. ஸ்டார் ட்ரெக்கில் பொதுவான சட்டம் கறாரானது, திரையில் வந்தது மட்டும் கணக்கு. 2009 படத்துக்கு முன்கதையாக அந்தப் படத்தின் எழுத்தாளர்கள் பங்கேற்று ‘கவுண்ட்டவுன்’ என்ற காமிக்ஸ் வந்தது. வில்லன் நீரோவுக்கு அத்தனை வெறி ஏன் என்பது அதில்தான் விவரமாக இருக்கிறது. அதுவும் கண்டிப்பான கணக்கில் சேராது. மேட்ரிக்ஸ் படத்துக்கும் காமிக்ஸ் உண்டு. அதில் எஜமானனைக் கொன்ற எந்திரன் ஒன்றின் வழக்கைச் சொல்லும் சிறுகதை 2003இல் அனிமேஷனாகவே மாறியது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 2015 ‘டார்த் வேடர்’ முதல் இதழிலிருந்து. அதோடு அதே வருஷத்து ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரையும் மாற்றி மாற்றிப் படிக்கலாம். முதல் மூன்று படங்களைப் பார்த்திருந்தால் போதும். மார்வெல் அன்லிமிடெட் செயலியில் சந்தா கட்டினால் பழையதும் புதியதும் படிக்கலாம், போனைவிட டேப்லெட் வசதி. புத்தகமாக வாங்கினால் ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் கிடைக்கும். அட்டையில் ‘லெஜண்ட்ஸ்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் பழைய பத்திரம். அதற்காகத் திருப்பி வைத்துவிட வேண்டாம், ‘டார்க் எம்பயர்’ ஓவியங்களுக்காகவே வாங்கலாம்.

இதையெல்லாம் மருமகனிடம் சொல்லி முடித்தபோது அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

“அந்தப் பச்சை முயல் இன்னா ஆச்சி மாமா?”

2018இல் ஐடிடபிள்யூ நிறுவனத்தின் சிறுவர் காமிக்ஸ் ஆண்டுமலரில் திரும்பி வந்துவிட்டது. அதே பச்சை, அதே துப்பாக்கி.